டான்ஸ் கம்பத்துக்கு எந்த மேற்பூச்சு? நிக்கல் அலர்ஜி உள்ளவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

போல் டான்ஸ் (நிமிர்ந்து நிற்கும் உலோகக் கம்பத்தில் ஏறி ஆடும் ஆட்டம்) கம்பம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எது நல்லா பிடிக்கும்?" என்பதைத்தான். நிக்கல் அலர்ஜி உள்ளவர் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: மேலே பளபளக்கும் உலோகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, அது எப்போது வெளியே வரும்? கவரிங் வளையல் புதிதில் கையை ஒன்றும் செய்யாது. முலாம் தேய்ந்த பிறகுதான் அரிப்பு ஆரம்பிக்கும். குரோம் கம்பமும் அப்படித்தான். எவ்வளவு நாள் உழைக்கும், தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரித்துப் பார்த்தால், முதல் வருஷம் நன்றாக இருந்துவிட்டு இரண்டாம் வருஷம் படுத்தும் கம்பத்தில் பணத்தைப் போட்டுவிடுவீர்கள்.

கம்பத்தைப் பிடிக்கும் தோலும் சாதாரணத் தோல் அல்ல. தொடையின் உட்புறம், முழங்கால் மடிப்பு, முழங்கை மடிப்பு, அக்குள், இடுப்பின் பக்கவாட்டு எல்லாமே மெல்லிய தோல். அங்கே துணி இல்லை, வியர்வை உண்டு, உடல் எடை முழுதும் அந்த இடத்தில்தான் அழுந்துகிறது. வியர்வையில் உள்ள குளோரைடும் லாக்டிக் அமிலமும் நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தெடுக்கும். உராய்வில் சிராய்த்த தோல் அதற்கு வழிவிடும். உள்ளங்கைத் தோல் தடிமனானது. அதனால் கை சும்மா இருக்க, தொடை மட்டும் தடித்துப்போவது வழக்கம்.

படி 1: வந்திருப்பது அலர்ஜிதானா?

கம்பம் ஏறுகிறவர்களின் தோலில் வரும் சிவப்பெல்லாம் அலர்ஜி இல்லை. பிரித்துப் பார்க்க நேரக்கணக்கு உதவும்.

உராய்வுக் காயம் உடனே தெரியும். எரியும், வலிக்கும், கம்பம் பட்ட கோட்டிலேயே நிற்கும், இரண்டு மூன்று நாளில் ஆறும். நிக்கல் அலர்ஜி தாமதித்து வரும் வகை: தொட்டு 12 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை கழித்துத்தான் தலைகாட்டும். வலியைவிட அரிப்பு அதிகம். சிறு பருக்கள், சில சமயம் நீர்க்கொப்புளம், கம்பம் பட்ட எல்லையைத் தாண்டியும் பரவும். கம்பத்தை விட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். சனிக்கிழமை வகுப்புக்குப் போனவருக்குத் திங்கட்கிழமை அரிப்பதால், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட இறாலின் மேல் பழி விழுவதும் உண்டு.

கம்பத்தைத் தொடுவதற்கு முன்பே தெரிந்திருக்கக்கூடிய அடையாளங்கள் இரண்டு: கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாவது, ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே கறுத்துத் தடித்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நிக்கலை முதல் சந்தேகத்தில் வையுங்கள். காது குத்தும் பழக்கத்தால் பெண்களிடம் இது அதிகம்.

ஆனால் நிக்கல் மட்டுமே குற்றவாளி அல்ல. பிடிமானத்துக்காகத் தடவும் பொருள்களில் சிலவற்றில் ரோசின், அதாவது பைன் மரப் பிசின் இருக்கும். அது நன்கு அறியப்பட்ட அலர்ஜிப் பொருள். பிளாஸ்திரி ஒட்டினால் அந்தச் சதுரத்திலேயே தடிக்கும் தோல் உள்ளவர்கள் இதையும் சந்தேகிக்க வேண்டும். வாசனைப் பொருள், தேன்மெழுகோடு வரும் புரோபோலிஸ் என்ற தேனீப் பிசின் ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஷேவ் செய்த அன்றே கம்பம் ஏறினால் மயிர்க்கால்கள் வீங்கிச் சிவப்பதும் அலர்ஜி போலவே தெரியும்.

தொடை இடுக்கில் வருவது படர்தாமரையாகவும் இருக்கலாம். இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கூட்டு கிரீமைத் தடவாதீர்கள். அலர்ஜி என்றால் தற்காலிகமாக அமுக்கும். படர்தாமரை என்றால் உள்ளுக்குள் வளர்த்துவிடும். உள்தொடையின் மெல்லிய தோலில் நிரந்தர வரிகளும் விழும்.

உறுதியாகத் தெரிய ஒரே வழி தோல் மருத்துவர் செய்யும் பேட்ச் டெஸ்ட். முதுகில் சிறு அறைகள் கொண்ட ஒட்டுப்பட்டியை 48 மணி நேரம் ஒட்டிவைத்து, எடுத்தவுடன் ஒருமுறை, மூன்றாம் அல்லது நான்காம் நாளில் ஒருமுறை, தேவைப்பட்டால் ஏழாம் நாளிலும் பார்ப்பார்கள். நிக்கல் சல்ஃபேட் 2.5 அல்லது 5 விழுக்காட்டில் வைக்கப்படும். இந்தியாவில் வழக்கமாகப் பயன்படும் தொகுப்பில் நிக்கல், கோபால்ட், குரோமியம் உப்பு, கோலோபனி எனப்படும் ரோசின், வாசனைக் கலவை எல்லாம் ஒரே தடவையில் வந்துவிடும். அந்த வாரம் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. ஆகவே வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், முடிவு மாறிவிடும்.

படி 2: ஒவ்வொரு பூச்சின் அடுக்கையும் தெரிந்துகொள்வது

குரோம். அதிகம் விற்பது இதுதான். எஃகுக் குழாயின்மேல் முதலில் நிக்கல் முலாம், சுமார் 10 முதல் 30 மைக்ரான் வரை. அதன்மேல் குரோமியம், வெறும் 0.2 முதல் 0.5 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் பளபளப்பில் பெரும்பங்கு நிக்கலுடையது. குரோமியம் அதன்மேல் ஒரு மெல்லிய மூடி. அந்த மூடி கடினமானது, உலோக நிலையில் தோலுக்கும் பெரும்பாலும் தொந்தரவு தராது. (தோல் மருத்துவர்கள் பயப்படும் குரோமியம், பதனிட்ட தோலிலும் சிமென்ட்டிலும் இருக்கும் உப்பு வடிவம்.) சிக்கல் எங்கே என்றால், அந்த அடுக்கில் இயல்பாகவே நுண்விரிசல்கள் உண்டு. மோதிரம் கீறினால், ஹீல்ஸ் இடித்தால், குழாய்த் துண்டுகள் சேரும் இணைப்பு விளிம்பில் உரிந்தால் நிக்கல் நேராகத் தோலைத் தொடும். அலர்ஜி லேசாக உள்ள ஒருவர் புதுக் குரோமில் ஒரு வருஷம் சுகமாக ஆடிவிட்டு, பிறகு ஸ்டூடியோவில் உள்ள பழைய கம்பத்தில் அவதிப்படுவதன் காரணம் இதுவே. அலர்ஜி உறுதியானவருக்கு எங்கள் கருத்து: சொந்தமாக வாங்கும் கம்பம் குரோமாக இருக்க வேண்டாம்.

எவர்சில்வர், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கேட்டவுடன் குழப்பம் வரும், ஏனென்றால் 304 கிரேடில் 8 முதல் 10.5 விழுக்காடு நிக்கல் இருக்கிறது. 316-இல் 10 முதல் 14 விழுக்காடு. அப்படியிருந்தும் அலர்ஜி உள்ளவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது இதுதான். உள்ளே எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பது கணக்கில்லை. வெளியே எவ்வளவு கசிகிறது என்பதுதான் கணக்கு. மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகி நிக்கலைப் பூட்டிவைக்கிறது. கீறினாலும் காற்றுப்பட்டுத் தானே மூடிக்கொள்கிறது. முலாம் இல்லை, ஆகவே தேய்ந்து வெளிப்பட அடியில் வேறு எதுவும் இல்லை. உழைப்பில் இதற்கு ஈடு கிடையாது.

அதே எவர்சில்வரில் இரண்டு விதிவிலக்குகள். கடைசல் வேலைக்கு எளிதாக இருக்கக் கந்தகம் சேர்த்த 303 கிரேடு, 304-ஐவிட நிக்கலை நிறையக் கசியவிடும். திருகு, மூடி போன்ற பாகங்களில் வரலாம். இன்னொன்று நம் ஊர்ப் பிரச்சினை. கைப்பிடிக் குழாய் விற்கும் கடைகளிலும் கிரில் பட்டறைகளிலும் "எஸ்.எஸ்." என்று கொடுப்பதில் 202 போன்ற 200 வரிசைக் கிரேடுகள் ஏராளம். நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், விலை மலிவு. நிக்கல் குறைவுதானே என்று சந்தோஷப்பட முடியாது. துரு தாங்கும் திறனும் குறைவு. சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி உப்புக் காற்றில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். அப்படிப் புள்ளி விழுந்த இடத்தில் பாதுகாப்புப் படலம் உடைந்துவிட்டது என்று பொருள். கடலோரத்தில் 304-கூட மேலோட்டமாகப் பழுப்பேறும். 316-இல் உள்ள 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் குளோரைடைத் தாங்குவதற்காகவே சேர்க்கப்படுகிறது.

எவர்சில்வரின் குறை வழுக்கல். வழக்கமான உலோகப் பூச்சுகளில் வெறும் தோலுக்கு மிகவும் வழுக்குவது இதுதான். உள்ளங்கை வியர்ப்பவர்கள் முதல் மாதம் திட்டிக்கொண்டேதான் ஆடுவார்கள். கண்ணாடிப் பாலிஷ் உள்ளதை வாங்குங்கள். கோடு கோடாக மேட் பாலிஷ் செய்தது பிடிமானம் தருவதுபோல் தோன்றும். சுழலும்போது தோலை உரசி எடுத்துவிடும், சிராய்த்த தோலில் எந்த உலோகமும் கூடுதலாகத்தான் உறைக்கும்.

டைட்டானியம் கோல்டு. பெயரைக் கேட்டால் டைட்டானியத்தால் செய்த குழாய் என்று தோன்றும். பெரும்பாலும் அது வெற்றிட அறையில் படியவைத்த டைட்டானியம் நைட்ரைடு என்ற தங்க நிறப் படலம், தடிமன் சில மைக்ரான்கள் மட்டுமே. அந்தப் படலம் மிகக் கடினமானது, டிரில் பிட் முனைகளில் பூசுவதும் இதைத்தான். நிக்கல் அதில் இல்லை. குரோமைவிடச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும் என்பது பொதுவான அனுபவம். ஆனால் அடியில் இருப்பது எவர்சில்வரா, நிக்கல் முலாமா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அலங்காரக் குழாய், கைப்பிடி தயாரிப்பில் நிக்கலும் குரோமும் பூசி அதன்மேல் இந்தப் படலத்தைப் போடுவது சாதாரணம். நுண்துளை வழியாகவோ தேய்ந்த இடத்திலோ அடி அடுக்கு பேச ஆரம்பிக்கும். ஆகவே "எவர்சில்வர்மேல் நேரடியாகப் பூசியது" என்று எழுத்தில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். தேய்ந்தால் தங்க நிறத்துக்குள் சாம்பல் திட்டாகத் தெரியும்; அந்த இடத்தை மட்டும் திரும்பப் பூச வழியில்லை.

பித்தளை. வியர்வைக் கைக்கும் ஈரப்பதமான ஊருக்கும் பலர் விரும்புவது இதைத்தான். செம்பும் துத்தநாகமும் கலந்த மென்மையான உலோகம், எவர்சில்வரைவிடத் தெளிவாகப் பிடிக்கும். கெட்டிப் பித்தளையில் நிக்கல் பெயரளவுக்குத்தான் இருக்கும். செம்பு அலர்ஜி அரிது. ஆனாலும் தோலில் பச்சைக் கறை விழும், கையில் ஒரு நாற்றம் தங்கும், களிம்பு ஏறும். பச்சைக் கறை அலர்ஜி அல்ல, கழுவினால் போகும். கடைசலுக்கான சில பித்தளை வகைகளில் 2 முதல் 3 விழுக்காடு ஈயமும் கலந்திருக்கும். ஆடி முடித்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இங்கே விழும் குழி, "பித்தளை" என்று விற்கப்படும் பித்தளை முலாம். எஃகின்மேல் நிக்கல், அதன்மேல் மெல்லிய பித்தளை. குரோமைவிட மோசமான ஏற்பாடு, ஏனென்றால் மேலே இருப்பது மென்மையானது. நிக்கல் சீக்கிரமே எட்டிப் பார்க்கும். கெட்டிப் பித்தளையில் கீறல் விழுந்தாலும் அடியிலும் பித்தளைதான், பாலிஷ் போட்டால் முடிந்தது.

பவுடர் கோட்டிங். நிக்கலே வேண்டாம் என்பவருக்கு நேரான பதில். தூளாகத் தெளித்து 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் வேகவைத்த பாலியஸ்டர் அல்லது எப்பாக்ஸிப் படலம், தடிமன் 60 முதல் 120 மைக்ரான். குரோம் அடுக்கைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தடிப்பு, ஆனால் பிளாஸ்டிக் என்பதால் தேய்மானம் வேறு மாதிரி: உலோகம்போல் மெல்லத் தேயாது, இடிபட்டால் சில்லு பெயரும். நன்றாகப் பிடிக்கும், அதனாலேயே வேகச் சுழற்சியில் தோலை இழுத்துச் சூடு போடும். ஆரம்பநிலையில் உள்ளவர்களுக்குப் பிடிக்கும், சறுக்கி இறங்கும் அசைவுகள் பழகியவர்களுக்கு எரிச்சல் தரும். பளபளப்பான அல்லது பாதிப் பளபளப்பான வழுவழு வகையைக் கேளுங்கள், சொரசொரப்பு வகை வேண்டாம்.

சிலிக்கான் உறை. உலோகத்தின்மேல் மாட்டிய உறை, உடை அணிந்தபடி ஆடுவதற்கு. வெறும் தோலுக்குப் பிடிப்பு அளவுக்கு மீறிப்போகும். நிக்கல் தொல்லை கிடையாது. நகமும் ஹீல்ஸும் கிழிக்கும்.

படி 3: வாங்கும் முன் கேட்பதும் சோதிப்பதும்

விற்பவரிடம் "இது அலர்ஜி வராததா?" என்று கேட்காதீர்கள். "வராது" என்ற பதில் இலவசம். கேட்க வேண்டியவை: குழாயின் அடி உலோகம் என்ன, என்ன கிரேடு? பூச்சுக்கும் குழாய்க்கும் நடுவே நிக்கல் அடுக்கு இருக்கிறதா? இணைப்புத் துண்டும் குழாயும் ஒரே பொருளா? இ.என். 1811 என்ற ஐரோப்பியத் தர முறையில் நிக்கல் கசிவுச் சோதனை அறிக்கை உண்டா? பூசிய கம்பமென்றால், அதற்குமுன் இ.என். 12472 முறையில் தேய்த்துப் பார்த்தார்களா?

கடைசி இரண்டின் பின்னணி இது. ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் நிக்கல் உத்தரவைக் கொண்டுவந்தது. இப்போது அது ரீச் எனப்படும் ஐரோப்பிய வேதிப்பொருள் சட்டத்தின் 17ஆம் இணைப்பில் 27ஆம் பதிவாக இருக்கிறது. தோலோடு நேராகவும் நீண்ட நேரமும் உரசும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. "நீண்ட நேரம்" என்பதற்கு விளக்கமும் உண்டு: இரண்டு வாரத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ பத்துப் பத்து நிமிடம், அல்லது ஒருமுறை அரை மணி நேரம். சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் உதாரணங்கள் கம்மல், கைக்கடிகாரம், பட்டன், ஜிப் ஆகியவை. டான்ஸ் கம்பம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அறிக்கை தானாகக் கூட வராது, கேட்டு வாங்க வேண்டும். இ.என். 12472 என்பது பூசிய பொருளை இரண்டு வருஷப் பயன்பாட்டுக்கு ஈடாகத் தேய்த்த பிறகு அளக்கும் முறை. புதுக் குரோமை மட்டும் அளந்த எண் உங்களுக்கு உதவாது.

காந்தம் வைத்துப் பாருங்கள், ஆனால் அதன் பேச்சை முழுதாக நம்பாதீர்கள். "கெட்டிப் பித்தளை" என்ற கம்பத்தில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய எஃகு, சந்தேகமே வேண்டாம். எவர்சில்வர் என்றதில் பலமாக ஒட்டினால் பூசிய எஃகாகவோ 430 வகையாகவோ இருக்கலாம். 430-இல் நிக்கல் மிகக் குறைவு, துரு தாங்கும் திறனும் 304-ஐவிடக் குறைவு. மிக லேசாக ஒட்டினால் பயப்பட வேண்டாம், வளைத்து வெல்டிங் செய்த 304 அப்படித்தான் இருக்கும். ஒட்டவே இல்லை என்றால் 304 என்று எண்ணிவிடாதீர்கள், 202-உம் ஒட்டாது. கிரேடு தெரிய ஆலைச் சான்றிதழ் கேட்கலாம், அல்லது பழைய உலோகம் வாங்கும் பெரிய வியாபாரிகளும் ஆய்வகங்களும் வைத்திருக்கும் எக்ஸ்ரே துப்பாக்கிச் சோதனையில் சில நொடிகளில் தெரிந்துவிடும்.

நிக்கல் கசிவுக்கு வீட்டுச் சோதனை உண்டு: டைமெத்தில் கிளையாக்சிம் கரைசலும் அம்மோனியாவும், ஒரே புட்டியாகவோ இரண்டாகவோ கிடைக்கும். செய்முறை:

1. கம்பத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள்.
2. பஞ்சுக் குச்சியில் இரண்டு கரைசலிலும் ஒவ்வொரு சொட்டு.
3. ஒரே இடத்தில் 30 நொடி அழுத்தித் தேயுங்கள்.
4. பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் வெளியேறுகிறது.
5. கரைசல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பழைய தடித்த குப்ரோநிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த) ஐந்து ரூபாய் நாணயத்தில் முதலில் தேய்த்துக்கொள்ளுங்கள். அதில் இளஞ்சிவப்பு வராவிட்டால் புட்டி காலாவதி.
6. முடிந்ததும் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். பித்தளையில் அம்மோனியாவை விட்டுவைக்கக் கூடாது.

மூன்று இடத்தில் சோதியுங்கள்: கை உயரம், இணைப்பு விளிம்பு, ஏற்கெனவே தேய்ந்த இடம். இளஞ்சிவப்பு வந்தால் நம்பலாம். வராவிட்டால் "இல்லை" என்று அர்த்தமல்ல. குறைந்த கசிவை இந்தச் சோதனை தவறவிடும்.

படி 4: முடிவெடுப்பது

பேட்ச் டெஸ்டில் நிக்கல் பலமாக வந்திருந்தால் பவுடர் கோட்டிங் அல்லது காந்தம் ஒட்டாத கெட்டிப் பித்தளை. பவுடர் கோட்டிங்கைத்தான் முன்னால் வைப்போம். ஆனால் அடிக்கடி கழற்றி மாட்டுகிறவர்களுக்கு அது சரிவராது, ஒவ்வொரு முறையும் இணைப்பில் சில்லு பெயரும். லேசாக வந்திருந்தால் 316, கிடைக்காவிட்டால் 304. கவரிங் கம்மல் மட்டும்தான் தொந்தரவு, மற்றபடி வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தோடு நிம்மதியாகப் புழங்குகிறீர்கள் என்றால் எவர்சில்வர் கம்பமும் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அலர்ஜியே இல்லையென்றால் குரோம் தாராளமாகப் போதும்.

உள்ளூர்ப் பட்டறையில் கைப்பிடிக் குழாயை வெட்டிச் செய்துகொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. 45 மி.மீ. விட்டம் பரவலான அளவு. கைப்பிடிக் குழாய் 38.1 அல்லது 50.8 மி.மீ.-இல் வரும், சுவர்த் தடிமனும் பெரும்பாலும் மெல்லியது. பூச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தலைகீழாகத் தொங்கும் ஆளின் எடைக்கும் உதறலுக்கும் வடிவமைக்காத குழாயில் ஏறக் கூடாது.

படி 5: உங்கள் தோலில் சோதித்துப் பார்ப்பது

அதே பூச்சு உள்ள ஸ்டூடியோவில் ஒரு வகுப்புக்குப் போங்கள். அன்று பிடிமானப் பொருள் எதுவும் தடவ வேண்டாம், லோஷனும் வேண்டாம். முந்தின நாள் ஷேவ் செய்திருக்கவும் வேண்டாம். பிறகு நான்கு நாள் காத்திருந்து தொடை, முழங்கால் மடிப்பு, அக்குள் மூன்றையும் பாருங்கள். ஒன்றுமில்லையென்றால் அடுத்த வாரம் இன்னொரு வகுப்பு. அதன் பிறகே வழக்கமான பிடிமானப் பொருளைச் சேர்த்து, மறுபடி நான்கு நாள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் தடிப்பு வரும்போது கம்பமா ரோசினா என்று கண்டுபிடிக்க முடியாது. வந்த தடிப்பு முழுவதும் ஆறும்வரை அடுத்த சோதனை கூடாது.

படி 6: அன்றாடப் பராமரிப்பு

மோதிரம், வளையல், கொலுசு, வாட்ச் எல்லாம் கழற்றிய பிறகே கம்பம். குரோமை ஆண்டுக்கணக்கில் ஆடியே தேய்ப்பதைவிட ஒரே நாளில் ஒரு கல் மோதிரம் கெடுத்துவிடும்.

வகுப்பு முடிந்தவுடன் வியர்வையைத் துடைப்பதுதான் இருப்பதிலேயே முக்கியமான வேலை. மைக்ரோஃபைபர் துணியும் 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் குரோம், எவர்சில்வர், டைட்டானியம், பித்தளை நான்குக்கும் போதும். ரோசின் ஆல்கஹாலில் கரையும். தேன்மெழுகு சரியாகக் கரையாது, அதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். பவுடர் கோட்டிங்குக்குத் தினமும் சோப்புத் தண்ணீர் போதும். அசிட்டோனும் தின்னரும் கிட்டவே வரக் கூடாது, படலம் மங்கி மிருதுவாகும்.

பிளீச், குளோரின் கலந்த தரை கழுவி எதுவும் எவர்சில்வரிலும் குரோமிலும் படக் கூடாது. குளோரைடு குழி பறிக்கும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் எவர்சில்வரில் இரும்புத் துகள் பதிந்து அதுவே துருப்பிடிக்கும், கம்பத்தின்மேல் பழி போடுவீர்கள்.

பித்தளைக்கு நம் வீட்டுப் பழக்கம் புளியும் பீதாம்பரியும். கெட்டிப் பித்தளையில் எப்போதாவது புளி போடலாம். உடனே நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும், அமிலம் தங்கினால் அடுத்த களிம்பு இன்னும் வேகமாக வரும். முலாம் பூசியதில் இரண்டுமே கூடாது. திரவப் பாலிஷ் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும், ஆல்கஹாலால் இரண்டு முறை துடைக்காமல் ஏறினால் நேராகத் தரைக்குத்தான். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பித்தளைக்கு எதிரி. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது தானே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921 வாக்கில்தான் விளங்கியது. இறுக்கத்தில் நிற்கும் பித்தளையில் அம்மோனியாவைத் தினமும் தெளிப்பது அதே பரிசோதனைதான்.

மல்லர் கம்பமும் பழகுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மரக் கம்பத்துக்கு ஆமணக்கெண்ணெய் தடவுவார்கள். உடம்பில் ஒட்டிய அந்த எண்ணெயோடு உலோகக் கம்பத்தில் ஏறினால் எந்தப் பூச்சும் பிடிக்காது. இரண்டுக்கும் இடையே சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

குளிர்சாதன அறையில் சில்லிட்ட கம்பத்தின்மேல் வெளிக்காற்றின் ஈரம் படியும். வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியைக் குறைத்து, காய்ந்த துணியால் மேலும் கீழும் வேகமாகத் தேய்த்துச் சூடாக்கினால் எவர்சில்வர்கூட மரியாதையாக நடந்துகொள்ளும்.

படி 7: தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது

மாதம் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கம்பத்தோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறலெல்லாம் அப்போது தெரியும். பார்க்க வேண்டிய இடங்கள் தரையிலிருந்து ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை உள்ள கைபடும் பகுதி, ஹீல்ஸ் இடிக்கும் கீழ்ப்பகுதி, இணைப்பு விளிம்பு.

குரோமுக்கு நீலம் கலந்த வெண்மை. நிக்கலுக்கு இளமஞ்சள் சாயல். பளபளப்பு குறையாமலே ஒரு திட்டு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் மூடி போய்விட்டது. அங்கே டைமெத்தில் கிளையாக்சிம் சோதனை செய்யுங்கள். ஊசிமுனைச் செம்புள்ளிகள் தெரிந்தால் நிக்கலையும் தாண்டி எஃகு துருப்பிடிக்கிறது. தேய்த்துப் போக்கினாலும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். நிக்கல் அலர்ஜி உள்ளவருக்கு அந்தக் குழாயின் ஆயுள் அன்றோடு முடிந்தது. நெயில் பாலிஷ், கிளியர் ஸ்ப்ரே போன்றவற்றால் மூடுவது ஒரு வாரம்கூட நிற்காது, உரியும் விளிம்பு தோலையும் கிழிக்கும்.

பவுடர் கோட்டிங்கில் சில்லு பெயர்ந்தால் அந்த விளிம்பை உடனே கவனியுங்கள். ஈரம் படலத்துக்கு அடியில் ஊர்ந்து போய் கொப்புளம் கிளப்பும். திரும்பப் பூசலாம், ஆனால் அந்த இடத்தில் மட்டும் முடியாது: பழையதை முழுவதும் நீக்கிவிட்டுக் குழாய் முழுதும் பூச வேண்டும். பட்டறையில் கொடுக்கும்போது இணைப்புப் பகுதியையும் உள்ளே நுழையும் பகுதியையும் மறைத்து ஒட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் 80 மைக்ரான் ஏறினால் விட்டம் 0.16 மி.மீ. கூடும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

மற்றவர்களோடு பகிரும் கம்பமென்றால்

ஸ்டூடியோவில் பூச்சைத் தேர்வுசெய்ய முடியாது. எந்தக் கம்பம் புதிது, எது எவர்சில்வர் என்று ஆசிரியரிடம் கேட்டு அதையே பிடித்துக்கொள்ளலாம். தடிப்பு வந்து ஆறாத நிலையில் ஏற வேண்டாம். முழங்கால் உறை, நீளக் கால்சட்டை தொடுகையைக் குறைக்கும், பிடிமானத்தையும் குறைக்கும். தரைக்கு அருகே செய்யும் அசைவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தடுப்புக் கிரீம் தடவிக்கொண்டு ஏறுவது ஆபத்து, உங்களுக்கு மட்டுமல்ல, அடுத்து அதே கம்பத்தில் ஏறுபவருக்கும்.

ரோசின் அலர்ஜி உள்ளவர்களுக்குத் தாங்கள் தடவாவிட்டாலும் முந்தின வகுப்பின் மிச்சம் போதும். சொந்தத் துணியும் ஒரு சிறு புட்டி ஆல்கஹாலும் பையில் வைத்திருங்கள். தரையிலிருந்து கை எட்டும் உயரம்வரை இரண்டு முறை துடைத்து, இரண்டாம் முறைக்குத் துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, முழுவதும் காய்ந்த பிறகு ஏறுங்கள்.